புகை மொய்

அந்தப் பழைய பஸ் என்ன நிறம் என்பதில் ரேணுப்பிரியாவுக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. மஞ்சள் என்றுதான் மனசு சொல்கிறது. பள்ளிக்கூட பஸ் என்றாலே மஞ்சள்தானே, அதனால் மனசு தானாகப் பூசிக்கொண்ட மஞ்சளாகவும் இருக்கலாம். எந்த வருடம் என்று கேட்டாலும் தடுமாறுவாள். மகள் மதி இரண்டாம் வகுப்பில் இருந்தாள், தம்பிக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள், புருஷன் சிங்கப்பூரில் இருந்தான். இவற்றை வைத்துத்தான் அவள் அந்தக் காலத்தைப் பிடித்துக்கொள்கிறாள். ஆகவே இந்தக் கதையில் முன்னது பின்னாலும் பின்னது முன்னாலும் சில இடங்களில் வந்திருக்கக்கூடும்.

வாசனை மட்டும் மாறவில்லை. டீசல் எரிந்த வாசனை. இப்போது அது எங்கேயும் கிடைக்காது. இன்றைக்குப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது, தெரியாமலிருப்பதே நல்லதும்கூட. ஆனாலும் எப்போதாவது ஏதோ ஒரு தெருவில், யாரோ எதையோ எரிக்கும்போது, அதில் நூலளவு அந்த வாசனை கலந்து வரும். ரேணு நின்றுவிடுவாள். கூட வருகிறவர்கள் பேசிக்கொண்டே கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆலங்கொல்லை, பேராவூரணிக்கும் கடலுக்கும் நடுவே வாய்க்கால் கரையோடு நீண்டு கிடக்கிற தென்னந்தோப்பு ஊர். டவுன் பள்ளிக்கு அங்கிருந்து ஒரே ஒரு பஸ். நகரத்தில் ஓடி ஓடித் தேய்ந்து, இனி அங்கே ஓடக்கூடாது என்று தள்ளிவிடப்பட்ட பஸ்கள்தாம் இந்த மாதிரி ஊர்களுக்கு வந்து சேரும். ஏறி உட்கார்ந்தால் பல் கிடுகிடுக்கும். தரைத் தகட்டில் ஓட்டை. கீழேயிருந்து புகை உள்ளே ஏறும். பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது சட்டைக் காலரை முகர்ந்தால் பணிமனை வாசனை வரும். மதிக்கு அந்த வருடம்தான் மூச்சிழுப்பு ஆரம்பித்தது.

அப்போது புதுச் சட்டம் வந்து இரண்டு வருடமோ மூன்று வருடமோ ஆகியிருந்தது. வண்டிகளின் பதிவுக் கட்டணத்தை உயர்த்தி, அந்தப் பணத்தில் பள்ளிகளுக்குப் புகையில்லாத பஸ் வாங்குவது என்று சட்டம். எல்லோரிடமும் ஒரே தொகை வாங்கினால் நியாயமில்லை, பிள்ளைகளின் காற்றை யார் கெடுக்கிறார்களோ அவர்களிடம்தான் கூடுதலாக வாங்க வேண்டும் என்று யாரோ நல்ல மனசோடுதான் யோசித்திருக்கிறார்கள். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தார்கள். பதிவுக்குப் போகிற ஒவ்வொரு வண்டியின் புகைக்குழாய்க்குள்ளும் மிளகு அளவில் ஒரு மணியைப் பதித்தார்கள். அந்த வண்டியின் புகையில் அந்த மணியின் அடையாளம் இருக்கும். ஜனங்கள் அதற்கு மச்சம் என்று பெயர் வைத்தார்கள். பள்ளி பஸ்ஸின் கூரையில் ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருக்கும். அதற்குப் பெயர் மூக்கு. பஸ்ஸைச் சுற்றியிருக்கிற காற்றில் யார் யார் வண்டியின் புகை எவ்வளவு என்று மூக்கு முகர்ந்து வைத்துக்கொள்ளும். வருடப் பதிவின்போது அவரவர் கட்டணத்தில் அது ஏறும். ஒரு தடத்தில் சேர்ந்த பணம் அந்தத் தடத்துக்கே. போதுமானது சேர்ந்ததும் அந்தத் தடத்துக்குப் பேட்டரி பஸ் வந்துவிடும்.

நகரத்துத் தடங்களுக்கெல்லாம் வந்துவிட்டது. ஆலங்கொல்லைக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதை ரேணுவுக்கு விளக்கியவள் ஆஷிகா பர்வீன். மல்லிப்பட்டினத்துப் பெண். மூக்குப் பெட்டிகளைத் துடைத்துப் பழுது பார்க்கிற வேலை அவளுக்கு. ஒரு மத்தியானம், வாய்க்கால் முக்கில் நின்ற பஸ்ஸின் கூரைமேல் அவள் ஏறி உட்கார்ந்திருந்தபோது, ரேணு கீழே நின்று கேட்டாள். போர்வெல் லாரி வைத்திருக்கிற தம்பி குகனேஷும் பக்கத்தில் நின்றான். அக்காவை வீட்டுக்குக் கூட்டிப் போக வந்தவன்.

"எல்லா நம்பரும் பச்சையா இருக்குக்கா. உங்க ஊர்க் காத்து அவ்வளவு நல்ல காத்து," என்றாள் ஆஷிகா.

"நல்ல காத்துன்னா எம்புள்ள ஏன் இழுத்துக்கிட்டுக் கெடக்கு?"

"அது பஸ்ஸோட சொந்தப் புகை. பள்ளிக்கூட வண்டிக்குக் கட்டணம் கிடையாது. அதனால மச்சமும் கிடையாது. மச்சம் இல்லாத புகை இந்த மூக்குக்குத் தெரியாது."

ரேணு, புது பஸ் எப்போதுதான் வரும் என்று கேட்டாள். இந்தக் காற்றில் இப்படியே சேர்ந்தால் மதி காலேஜ் போகிறபோது வரலாம் என்று ஆஷிகா சொன்னாள். சொல்லிவிட்டு, சொன்னது கடுமையாகப் போய்விட்டதோ என்று நினைத்தவள்போல, "ஊர்ல உள்ள வண்டியெல்லாம் பஸ் பின்னாடியே ஊர்வலம் போனா ஏறும். யாரு போவா?" என்று சிரித்தாள்.

ரேணுவும் சிரித்தாள். குகன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் இருக்கிற சமயங்கள் ரொம்பக் குறைவு.

அந்தப் பக்கத்தில் ஆடி மாதம் என்றால் மொய்விருந்து. கல்யாணம், காதுகுத்து என்று காரணம் ஏதும் வேண்டியதில்லை. கையில் முடை வந்தவர் பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார். ஊரும் அக்கம்பக்கத்து ஊரும் வந்து சாப்பிட்டு மொய் வைத்துவிட்டுப் போகும். வாங்கியவர், வைத்தவருடைய விருந்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பி வைக்க வேண்டும். திருப்பாதவனுக்கு அந்த வட்டாரத்தில் பெண் கிடைக்காது, கடனும் கிடைக்காது. தனக்குத்தானே ஒருவர் மொய் வைத்துக்கொள்ள முடியாது என்பதும், வருகிற மொய்யை வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்பதும் யாரும் சொல்லித் தராமலே எல்லோருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் குகன் சொன்னான். "கல்யாணத்துக்குப் பணமா வைக்கிறோம். இதுக்குப் புகையா வைப்போம்க்கா. எப்படியும் அரசாங்கம் அதப் பணமா மாத்திக்கப் போவுது."

"புள்ளைங்க உள்ள இருக்குமேடா."

"கண்ணாடிய ஏத்திவிட்டுட்டா? பெட்டியோட மூக்கு கூரையில இருக்கு, புள்ளைங்க மூக்கு உள்ள இருக்கு. ஒரே ஒரு ஆடி மாசம். அதோட அந்தத் தகர டப்பாவத் தொலைச்சிடலாம்."

அவள் பதில் சொல்லவில்லை. அவளுக்குப் பதில் வராத இடங்களை மற்றவர்கள் சம்மதமாக எடுத்துக்கொள்வது சின்ன வயதிலிருந்தே நடந்துவருவதுதான்.

அந்த ஆடி முதல் நாளை நினைத்தால் இப்போதும் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். பிறகு நடந்ததெல்லாம் தெரிந்திருந்தும் மலரும். அதற்கு அவள் என்ன செய்ய முடியும்? அவ்வளவு அழகாக இருந்தது.

பஸ்ஸுக்கு ஆரத்தி எடுத்தார்கள். மதிக்குத் தாய்மாமன் என்பதால் குகனின் போர்வெல் லாரிதான் முதலில். லாரியின் நெற்றியில் செவ்வந்தி மாலை. அதற்குப் பின்னால் டிராக்டர்கள், அறுவடை வண்டி, தேங்காய் லோடு ஏற்றிய லாரிகள், எங்கோ கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த மொபெட்டுகள். செம்மண்காட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். அது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊர். அங்கிருந்து வந்த கூட்டத்துக்கு முன்னால் தேங்காய் வேனை ஓட்டி வந்தவள் சிவரஞ்சனி. ரேணுவோடு ஒன்றாகப் படித்தவள். அவளுடைய தங்கை தர்ஷிகாவைத்தான் குகனுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். தர்ஷிகா வேனுக்குள் பக்கத்தில் உட்கார்ந்து, குகனின் லாரியைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒரு ஆட்டோவில் மைக் கட்டி, மொய்விருந்தில் அறிவிக்கிற மாதிரியே வண்டிகளை வரிசையாக அறிவித்துக்கொண்டு போனார்கள். செம்மண்காடு மேலத்தெரு டிராக்டர் ஒன்று, புகை பலமாக. ஒருவர் தண்ணீர் இறைக்கிற ஆயில் என்ஜினை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். குகன் லாரியிலிருந்து தலையை நீட்டி, "சித்தப்பா, அதுக்கு மச்சம் இல்ல. சும்மா கரியடிக்காம வீட்டுக்குக் கொண்டுபோங்க," என்றான். சித்தப்பா கோபித்துக்கொண்டு கடைசி வரைக்கும் வந்தார்.

பஸ்ஸின் பின் கண்ணாடியில் பிள்ளைகள் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மதி நடுவில். மாமன் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் அவள் இரண்டு கையையும் தூக்கினாள். கரைமேல் கறுப்பாக, நீலமாகப் புகை எழும்பித் தென்னை மட்டைகளுக்குள் போய் நின்றது. ரேணு தன் பெட்ரோல் ஸ்கூட்டரில் வரிசையின் நடுவே போய்க்கொண்டிருந்தாள். தனக்காக இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்ற நினைப்பில் அவளுக்குத் தொண்டை அடைத்தது. புகையினாலும் இருக்கலாம்.

ஆடி பாதி போயிருக்கும். ஒரு நாள் காலையில் பள்ளியிலிருந்து போன் வந்தது. மதியைப் பஸ்ஸிலிருந்து தூக்கித்தான் இறக்கினார்களாம். ரேணு ஆஸ்பத்திரிக்குப் போனபோது குழந்தையின் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை பிடித்துக்கொண்டிருந்தார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய் வெளியே வந்தது. பஸ்ஸை மூடினாலும் தரையில் ஓட்டை இருக்கிறதே, பின்னால் வருகிற புகை ஒரு இடத்தில் தேங்கினால் கீழே வழியாகத்தான் ஏறும் என்று டாக்டர் சொன்னார். இதுகூட யோசிக்க மாட்டீர்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

குகன் லாரியோடு வந்துவிட்டான். உள்ளே வரவில்லை. ஜன்னல் வழியாக ரேணு பார்த்தாள். வெளிக் குழாயடியில் நின்று அவன் கையைக் கழுவினான். முகத்தைக் கழுவினான். சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் முகத்தைக் கழுவினான். வெகுநேரம் கழுவிக்கொண்டேயிருந்தான்.

உள்ளே வந்து, "என்னாக்கா சொல்றாங்க?" என்று கேட்டான்.

"சளிக் காய்ச்சல்டா. ஊருல எல்லாத்துக்கும் இருக்குல்ல."

அவன் தலையாட்டினான். மதி மாஸ்க்கை விலக்கிவிட்டு, மாமன் லாரி மாலை பாதி வழியில் அறுந்து விழுந்ததைப் பார்த்தாயா என்று அவனிடம் கேட்டாள்.

ஊருக்கும் அதையேதான் ரேணு சொன்னாள். காய்ச்சல். வைத்த மொய் பிள்ளையை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது என்று எந்த வாயால் சொல்வது? மீதி நாட்களுக்கு மதியை வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். ஊர்வலம் அவள் இல்லாமல் போய்வந்தது. மற்றப் பிள்ளைகளும் இருமின. எல்லா வீட்டிலும் அது காய்ச்சல்தான்.

கூட்டிய கட்டணத்தை அந்த வருடம் எல்லோரும் சிரித்துக்கொண்டே கட்டினார்கள். தை பிறந்ததும் புது பஸ் வந்துவிட்டது. மாவட்டத்தில் கிராமத் தடத்துக்கு வந்த முதல் பேட்டரி பஸ் அதுதான். சத்தமே இல்லை. பிள்ளைகள் அது வந்து நிற்பது தெரியாமல் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பழைய பஸ் செம்மண்காட்டு முக்கில் திரும்பும்போது எழுப்புகிற சத்தத்தை வைத்துத்தான் ஆலங்கொல்லையில் பலபேர் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கொஞ்ச நாள் எல்லாம் குழம்பிப்போயிற்று. மதிக்கு இழுப்பு நின்றது. சித்திரைக்குள் அவள் ஓட ஆரம்பித்தாள். வாய்க்கால் கரையில் அவள் ஓடுவதை ரேணு வாசலில் நின்று பார்ப்பாள். கூப்பிட மாட்டாள். ஓடி முடித்துத் தானாக வரட்டும் என்று நின்றுகொண்டிருப்பாள்.

அடுத்த ஆடிக்குப் பத்து நாள் முன்பு சிவரஞ்சனி வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு வந்தாள். கூடவே அவள் மகன் மாறன். மதி வயசுதான். செம்மண்காட்டுத் தடத்துக்கு இந்த முறை மொய். போன முறை வாங்கியவர் வீட்டு வண்டிதான் முதலில் போக வேண்டும், அதனால் முதல் நாள் ரேணுவின் ஸ்கூட்டர் முன்னால் போனால்தான் மற்ற வண்டி நகரும், இதெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று சொல்லி வெற்றிலைத் தட்டை நீட்டினாள். ஆவணியில் குகனுக்கும் தர்ஷிகாவுக்கும் பரிசம். அந்தப் பேச்சும் நடந்தது. ரேணு தட்டை வாங்கிக்கொண்டாள்.

மாறன் வாசலில் மதியோடு ஓடிவிட்டு வந்து அம்மா மடியில் சாய்ந்தான். அவன் நெஞ்சிலிருந்து ஒரு மெல்லிய விசில் சத்தம் வந்தது. அந்த வீட்டில் அந்தச் சத்தம் யாருக்குத் தெரியாது?

"இவனுக்கு எப்பருந்து?" என்று ரேணு கேட்டாள்.

"மார்கழியில கொஞ்சம் வரும். சரியாயிடும். புது பஸ் வந்துட்டா சரியாயிடும்ல, ஒன் மவளுக்கு ஆன மாதிரி."

ரேணு மாறனைப் பின்கட்டுக்கு மதியோடு அனுப்பிவிட்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னாள். காய்ச்சல் இல்லை என்று சொன்னாள். மாஸ்க், விலா எலும்பு, டாக்டர் சொன்னது எல்லாம் சொன்னாள். சிவரஞ்சனி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ஒன் புள்ளைக்கு நாங்க வந்தப்ப இனிச்சுது. எம்புள்ளைக்கு நீங்க வர்ற முறை வந்ததும் கசக்குதா?"

"கசந்ததாலதான் சொல்றேன் ரஞ்சனி."

"அப்ப ஏன் அன்னிக்குச் சொல்லல?"

ரேணு தட்டிலிருந்த வெற்றிலையை நேராக்கினாள்.

"ஒரு மாசம் இருமுனா இருமட்டும்," என்றாள் சிவரஞ்சனி. குரலை உயர்த்தவில்லை. "நான் பாத்துக்குறேன். அந்தப் பழைய டப்பாவுல இன்னும் எத்தன வருஷம் போவணும் அவன்? ஒனக்குப் புது பஸ் வந்துடுச்சு. நீ பேசலாம்."

மகனைக் கூப்பிட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். தட்டு ரேணுவிடமே இருந்தது.

ஆஷிகா அந்த வாரம் புது பஸ்ஸின் மூக்கைத் துடைக்க வந்தபோது ரேணு கேட்டாள். எது கூடுதல், ஒரு மாத ஊர்வலப் புகையா, இல்லை பழைய பஸ்ஸிலேயே போனால் வருகிற புகையா? ஆஷிகாவுக்கு ஊர்வலம் தெரியும். போன வருடம் பச்சையெல்லாம் திடீரென்று சிவப்பானதைப் பார்த்துவிட்டு, மேலே யாரிடமும் சொல்லாமல் இருந்தவள் அவள்தான். அவள் துணியை மடித்து வைத்துவிட்டு யோசித்தாள்.

"மொத்தமாப் பாத்தா பழைய பஸ்தான் கூடுதல்க்கா. இன்னும் ரெண்டு மூணு வருஷம் அதுல போனா, ஊர்வலத்தவிட ரொம்பக் கூடுதல். கணக்கு அப்படித்தான் வரும்."

"அப்ப ரஞ்சனி சொல்றது சரி."

"மொத்தத்துக்குச் சரி. ஆனா ஒரே மூச்சுல எவ்வளவு போனா ஒரு புள்ளைக்கு என்னாவும்னு மூக்குக்குத் தெரியாது. அதுக்கு வண்டிங்களத்தான் தெரியும். புள்ளைங்களத் தெரியாது."

குகனிடம் ரேணு இதையெல்லாம் சொல்லவில்லை. இருமுறை சொல்லப் போனாள். அவன் போர்வெல் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். கூட்டித் திருப்ப வேண்டுமே என்று, தெரிந்தவரிடம் கேட்டு இன்னொரு போர்வெல் லாரியும் ஏற்பாடு செய்திருந்தான். தர்ஷிகாவுக்குப் பிடித்த பாட்டு என்று ஏதோ ஒன்றைச் சீட்டியடித்துக்கொண்டிருந்தான். ரேணு நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

முதல் நாள் காலையில் செம்மண்காட்டு எல்லையில் எல்லாம் தயாராக இருந்தது. பஸ் வந்து நின்றது. ஆரத்தி எடுத்தார்கள். அந்தக் கரைப் பாதையில் ஒரு வண்டிதான் போகலாம், ஒன்றை ஒன்று முந்த இடமில்லை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வேலி. பஸ்ஸுக்குப் பின்னால் ரேணுவின் ஸ்கூட்டர். அதற்குப் பின்னால் குகனின் லாரி, மாலையோடு. அதற்குப் பின்னால் ஆலங்கொல்லையே நின்றது. மைக்கில் அவள் பெயரைச் சொன்னார்கள். பஸ்ஸின் பின் கண்ணாடியில் மாறன் நின்றான்.

பஸ் கிளம்பியது. பின்னால் எல்லா வண்டிகளும் உறுமின. ரேணு சாவியைத் திருகவில்லை. வண்டியிலிருந்து இறங்கினாள். ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து, ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

ஸ்டார்ட் ஆகவில்லை போலிருக்கிறது என்று யாரோ கத்தினார்கள். ஒருவர் உதவிக்கு ஓடிவந்தார். அவள் தலையசைத்து மறுத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கினார். மைக் பேச்சை நிறுத்தியது. பஸ் முக்கில் திரும்பியது. அதன் சொந்தப் புகை, மச்சம் இல்லாத புகை, பாதையில் கொஞ்ச நேரம் நின்று கலைந்தது. பிறகு முன்னால் வெறும் பாதைதான். அவள் உருட்டிக்கொண்டே நடந்தாள். முதுகுக்குப் பின்னால் தம்பியின் லாரி ஊர்ந்து வருகிற சத்தம் கேட்டது. அவன் ஹாரன் அடித்திருக்கலாம். கோபத்தில் கத்தியிருக்கலாம். இப்போது அடிப்பான், இப்போது அடிப்பான் என்று அவள் தோள் குறுகிக்கொண்டே போயிற்று.

லாரி அணைந்தது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக மற்ற வண்டிகளும் அணைந்தன. அத்தனை என்ஜின்கள் ஓய்ந்த பிறகு வந்த அமைதியை ரேணு அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது கேட்டது.

செம்மண்காட்டுக்காரர்கள் பந்தலில் விருந்துக்குப் போட்டிருந்த இலைகளை எடுத்துவிட்டார்கள். புகையில்லாமல் உருட்டிய வண்டியை முதல் மொய்யாக வைத்துவிட்டாள், வந்த மொய்யை மறுக்கவும் முடியாது, இனி அந்த ஊரிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். சிவரஞ்சனி எதுவும் சொல்லவில்லை. தர்ஷிகாவைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள்.

எல்லோரும் போன பிறகு குகன் லாரியிலிருந்து இறங்கி வந்தான். மாலையை யாரோ கழற்றிவிட்டிருந்தார்கள், அல்லது அவனே கழற்றினானோ என்னவோ. அக்காவின் கையிலிருந்து ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டான். அவனும் ஸ்டார்ட் செய்யவில்லை. இரண்டுபேரும் ஊரை நோக்கி நடந்தார்கள்.

"ஆஸ்பத்திரியில அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல நீ," என்றான்.

"நீ மூஞ்சியக் கழுவிக்கிட்டு நின்ன. எப்படிடா சொல்ல?"

அவன் கொஞ்ச தூரம் உருட்டினான்.

"எனக்குத் தெரியும்க்கா," என்றான். "தெரிஞ்சுதான் கழுவுனேன்."

அதற்குப் பிறகு அதைப்பற்றி அவர்கள் இருவரும் வாழ்நாளில் பேசிக்கொள்ளவில்லை.

பரிசம் நின்றுபோயிற்று. தர்ஷிகாவை அடுத்த வருடம் பட்டுக்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், நன்றாக இருக்கிறாள். குகன் போர்வெல் லாரியை விற்றுவிட்டுச் சிங்கப்பூர் போனான். பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்து, வயது கடந்து, அறந்தாங்கியில் ஒரு விதவையைக் கல்யாணம் செய்துகொண்டான். போன மழைக்காலத்தில் மாரடைப்பில் இறந்தான். ஆஷிகா வேலையை விட்டுவிட்டு அக்கா வீட்டோடு சென்னை போய்விட்டாள். பஸ்ஸின் சொந்தப் புகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள், ஆனால் அதற்கு நாளாயிற்று. அதனால் செம்மண்காட்டுக்குப் புது பஸ் வர மூன்று வருடம் பிடித்தது. அந்த மூன்று வருடமும் மாறன் பழைய பஸ்ஸில்தான் போனான். மதி கோயம்புத்தூரில் இருக்கிறாள், காலையில் ஓடப் போகிறாள். ஊர்வலத்தைப் பற்றிக் கேட்டால் மாமன் லாரியின் மாலை அறுந்து விழுந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்பாள். ஆஸ்பத்திரி ஞாபகம் இல்லை. ரேணு அவளோடு இருக்கிறாள். சிவரஞ்சனி செம்மண்காட்டிலேயே இருக்கிறாள், ரேணுவோடு பேசுவதில்லை. மாறன் அந்தத் தடத்தில் பள்ளி பஸ் ஓட்டுகிறான், சட்டைப் பையில் எப்போதும் இன்ஹேலர் வைத்திருக்கிறான்.